விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட் தரும் ‘பாஸ்’ எதுவரை செல்லும்? பெரிய மெய்நிகர் இயந்திரங்களுக்கான ஒரு மதிப்புரை

மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டுவதற்காக ஒரு லினக்ஸ் சர்வர் கைக்கு வந்தவுடன் எங்களைப் போன்றவர்கள் முதலில் தட்டும் கட்டளை விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட். மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளோடு சேர்ந்தே வரும் சிறிய கருவி இது. தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை. டெபியன் லினக்ஸில் லிப்விர்ட்-கிளையன்ட்ஸ் தொகுப்பை நிறுவினால் போதும். சிங்கப்பூரில் கப்பல் வடிவமைப்புக்கான நீரோட்டக் கணிப்புகளைச் செய்யும் ஒரு சிறு குழுவின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் இந்தக் கருவியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான மெய்நிகர் செயலிகள் கொண்ட ஓர் இயந்திரத்தை ஹோஸ்ட், அதாவது அதை ஓட்டும் சர்வர், தாங்குமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. பதில் சொல்லிவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள் என்பதால்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் அது செய்வதைச் சொல்லிவிடுகிறேன். கட்டளையோடு, மெய்நிகர் இயந்திரத்தின் வன்பொருளை உருவாக்கிக் காட்டும் மென்பொருளான ‘கியூஎமு’வின் பெயரையும் சேர்த்துத் தட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் பத்துப் பதினைந்து வரிகள் திரையில் இறங்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘பாஸ்’, ‘வார்ன்’, ‘ஃபெயில்’ ஆகியவற்றுள் ஒன்று நிற்கும். செயலியில் மெய்நிகராக்கத்துக்கான வன்பொருள் வசதி உள்ளதா, அதாவது இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கிறது. டெவ் கோப்பகத்தில் கேவிஎம் (லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள மெய்நிகராக்கப் பகுதி) கோப்பு இருக்கிறதா, அதைத் திறக்க நமக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கிறது. அதன் பிறகு வலையமைப்புக்கான விஹோஸ்ட்-நெட், டன் ஆகிய சாதனக் கோப்புகள், வளங்களைப் பங்கிடும் சிகுரூப் கட்டுப்பாடுகள், சாதனங்கள் நினைவகத்தை அணுகுவதைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு, பாதுகாக்கப்பட்ட விருந்தினர் (அதாவது மெய்நிகர் இயந்திர) வசதி என்று வரிசையாகச் செல்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தவறு நேரும்போது அது வெறுமனே ‘ஃபெயில்’ என்று நின்றுவிடாமல் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் அதே வரியில் சொல்வதுதான். கேவிஎம் கோப்பு இல்லையென்றால், கேவிஎம்-இன்டெல் அல்லது கேவிஎம்-ஏஎம்டி மாட்யூல் ஏற்றப்பட்டுள்ளதா, பயாஸில் மெய்நிகராக்கம் இயக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கச் சொல்கிறது. கெர்னலில் ஐஓஎம்எம்யு அணைந்திருந்தால், பூட் வரியில் எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பதையே எழுதிக் காட்டுகிறது. புதிதாக வேலைக்கு வந்த ஒருவரின் கையில் இந்தக் கருவியைக் கொடுத்துவிட்டு, ‘ஃபெயில்’ வரிகளை மட்டும் சரிசெய்து வா என்று அனுப்பினால் அவர் பாதி வேலையைத் தானாகவே முடித்துவிடுவார். சிக்கல் உள்ள வரிகளை மட்டும் காட்டும் ‘கொயட்’ தேர்வும் உண்டு; பல சர்வர்களை ஒரே நேரத்தில் சோதிப்பவர்களுக்கு அது பேருதவி.

எட்டு அல்லது பதினாறு செயலிகள் கொண்ட சாதாரண மெய்நிகர் இயந்திரங்களுக்கு இவ்வளவு சோதனை போதும். எங்கள் தேவை அப்படிப்பட்டது அன்று. நாங்கள் ஓட்டும் கணிப்பு மென்பொருள், ஒரே நினைவகப் பரப்பில் எத்தனை செயலிகள் கிடைக்கின்றனவோ அத்தனையையும் எடுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் தரவும் தனித்தனி மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. ஆகவே ஒரு வாரம் ஒரு வாடிக்கையாளருக்காக முழு சர்வரும் ஒரே மெய்நிகர் இயந்திரமாக நிற்கும். மறுவாரம் வேறொருவருக்காக அது மாறும். இங்கு இடம் அரிது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2019 முதல் 2022 வரை சிங்கப்பூரில் புதிய தரவு நிலையங்களுக்கு அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் பிறகும் மின்திறன் நிபந்தனைகளோடுதான் வாசல் திறந்தது. பத்துச் சிறிய சர்வர்களை அடுக்குவதைவிட, செயலிகள் நெருக்கமாக அமைந்த ஒரே பெரிய சர்வரைக் குத்தகைக்கு எடுப்பதுதான் எங்களைப் போன்ற சிறு குழுவுக்குக் கட்டுப்படியாகிறது.

அப்படி நாங்கள் எடுத்தது இரண்டு ஏஎம்டி எபிக் 9654 செயலிகள் பொருத்தப்பட்ட ஒரு சர்வர். ஒவ்வொன்றிலும் 96 கோர், கோருக்கு இரண்டாக 192 த்ரெட்; த்ரெட் ஒவ்வொன்றையும் லினக்ஸ் ஒரு செயலியாக எண்ணும். இரண்டும் சேர்ந்து 384 த்ரெட். ‘இந்த ஹோஸ்டில் 384 மெய்நிகர் செயலிகள் கொண்ட இயந்திரம் ஓடுமா?’ என்று குத்தகை வழங்குநரிடம் எழுத்துமூலம் கேட்டோம். ‘ஓடும், சோதித்துவிட்டோம்’ என்று பதில் வந்தது. ஆதாரமாக விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட் வெளியீட்டின் படத்தையும் இணைத்திருந்தார்கள். எல்லா முக்கிய வரிகளிலும் ‘பாஸ்’. நானும் அந்தப் படத்தைப் பார்த்து நிம்மதியடைந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஜூரோங்கில் உள்ள தரவு நிலையத்துக்கு என் இளைய சக ஊழியரும் நானும் ஓர் இரவு சென்றோம். வெளியே பூன் லே நிலையத்திலிருந்து நடந்து வந்த புழுக்கம் சட்டையில் இன்னும் ஒட்டியிருக்க, உள்ளே குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கும். ரேக்கின் அருகே தள்ளுவண்டியில் மடிக்கணினியை வைத்து, மெய்நிகர் இயந்திரத்தின் அமைப்பை லிப்விர்ட்டுக்குச் சொல்லும், முன்பே எழுதி வைத்திருந்த எக்ஸ்எம்எல் வரையறையை அவர் ஏற்றினார். அடுத்த நொடியே நிராகரிப்பு வந்தது.

“அண்ணே, 288க்கு மேல கொடுக்க முடியாதுன்னு சொல்லுது” என்றார். “மெஷின் டைப் லிமிட்னு போட்டிருக்கு. வேலிடேட்ல எல்லாம் பாஸ்தானே வந்துச்சு?”

“கெர்னல்கிட்ட தனியா கேட்டுப் பார்த்தியா?” என்றேன்.

“அதை எப்படிண்ணே தனியா கேக்கிறது?”

அவர் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விதான் இந்த மதிப்புரையின் நடு. கெர்னலிடம் தனியாகக் கேட்க முடியும், கேட்க வேண்டும். விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட் கேவிஎம் கோப்பின் கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. உள்ளே சென்று, ‘எத்தனை பேருக்கு இடம் உண்டு?’ என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே கெர்னலில் ‘செக் எக்ஸ்டென்ஷன்’ என்ற ஐஓசிடிஎல் அழைப்பு (நிரல்கள் கெர்னலிடம் நேரடியாகக் கேட்கும் வழி) இருக்கிறது. பைத்தானில் மூன்று வரி போதும்: கேவிஎம் கோப்பைத் திறக்க வேண்டும், எஃப்கன்ட்ரோல் நூலகத்தின் ஐஓசிடிஎல் செயற்கூற்றுக்கு 44547 என்ற அழைப்பு எண்ணையும் நாம் அறிய விரும்பும் வசதியின் எண்ணையும் கொடுக்க வேண்டும், திரும்பி வரும் எண்ணை அச்சிட வேண்டும். வசதி எண் 9 என்றால் பரிந்துரைக்கப்படும் மெய்நிகர் செயலிகளின் எண்ணிக்கை. 66 என்றால் உச்ச எண்ணிக்கை. 128 என்றால் ஒரு மெய்நிகர் செயலிக்குக் கொடுக்கக்கூடிய அடையாள எண்ணின் உச்ச எல்லை.

அன்று இரவு டெபியன் 12இன் 6.1 கெர்னல் எங்களுக்குத் தந்த விடைகள் முறையே 384, 1024, 4096. அதாவது கெர்னலைப் பொறுத்தவரை எந்தத் தடையும் இல்லை.

இந்த எண்கள் கெர்னல் பதிப்புக்குப் பதிப்பு மாறுபவை என்பதால் அவற்றின் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கேவிஎம் 2007 பிப்ரவரியில் 2.6.20 கெர்னலோடு லினக்ஸுக்குள் வந்தது. பரிந்துரை எண்ணைக் கேட்கும் வசதியே ஒரு கெர்னலில் இல்லையென்றால் நான்கு செயலிகள் மட்டுமே உண்டு என்று எடுத்துக்கொள்ளுமாறு கெர்னலின் ஆவணம் இன்றும் சொல்கிறது. தொடக்க காலம் எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. 2016இல் வந்த 4.8 கெர்னலில் எக்ஸ்86 ஹோஸ்டுகளுக்கான உச்சம் 288 ஆனது. ஏன் 288 என்ற இந்த விசித்திரமான எண்? அப்போது இன்டெலின் நைட்ஸ் லேண்டிங் சில்லில் 72 கோர்களும் கோருக்கு நான்கு த்ரெட்களும் இருந்தன, பெருக்கினால் 288. 2021இல் அது 1024 ஆக உயர்ந்தது. 6.7 கெர்னலில் இருந்து, கெர்னலைத் தொகுப்பவரே 4096 வரை அந்த எல்லையை வைத்துக்கொள்ளும்படி ஒரு கட்டமைப்புத் தேர்வு சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே புதிய கெர்னல் என்றால் உச்சம் இவ்வளவுதான் என்று பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது; பூட் கோப்பகத்தில் உள்ள கட்டமைப்புக் கோப்பில் ‘கேவிஎம் மேக்ஸ் என்ஆர் விசிபியூஸ்’ என்ற வரியைத் தேடிப் பார்க்க வேண்டும், அல்லது மேலே சொன்ன மூன்று வரி நிரலை ஓட்ட வேண்டும். டெபியன் 11இன் 5.10 கெர்னலும் உபுன்டு 20.04இன் 5.4 கெர்னலும் 288இலேயே நின்றுவிடுபவை. இங்கே பல நிறுவனங்களில் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பரிந்துரை எண் பற்றியும் ஒரு சொல். முற்காலத்தில் அது கெர்னல் மூலத்தில் கையால் எழுதி வைத்த 160, 240 போன்ற ஒரு நிலையான எண்ணாக இருந்தது. இப்போது எக்ஸ்86இல் அது ஹோஸ்டில் இயங்கும் செயலிகளின் எண்ணிக்கையையே திருப்பித் தருகிறது. யாரோ சோதித்துப் பார்த்து இத்தனை வரை நன்றாக ஓடும் என்று கண்டு சொன்ன எண் அன்று. அதைத் தாண்டினால் கியூஎமு ஓர் எச்சரிக்கை தரும்; ஆனாலும் இயந்திரம் எழும்.

கெர்னல் 1024 என்று சொல்ல, லிப்விர்ட் 288 என்று மறுத்தது ஏன்? கெர்னலுக்கும் மெய்நிகர் இயந்திரத்துக்கும் நடுவே கியூஎமு என்ற இன்னொரு வாயில் இருக்கிறது. அது உருவாக்கிக் காட்டும் போலி மதர்போர்டுக்கு இயந்திர வகை என்று பெயர். ஐ440எஃப்எக்ஸ் என்ற பழைய வகைக்கு உச்சம் 255. கியூ35 என்ற வகைக்கு நீண்ட காலம் 288, கியூஎமு 8.1இல் 1024 ஆகவும் 9.0இல் 4096 ஆகவும் உயர்த்தப்பட்டது. டெபியன் 12இல் இருப்பது கியூஎமு 7.2. ஆக, ஒரே டெபியன் வெளியீட்டுக்குள் கெர்னல் ஒரு காலத்திலும் கியூஎமு இன்னொரு காலத்திலும் நின்றுகொண்டிருந்தன.

இதைக் கட்டளை வழியே காண்பதற்கு லிப்விர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷில் உள்ள டோம்கேப்பபிலிட்டீஸ் உதவுகிறது. இது கெர்னலின் உச்சத்தையும் இயந்திர வகையின் உச்சத்தையும் ஒப்பிட்டு, சிறியதை நமக்குச் சொல்கிறது. பெரிய இயந்திரம் பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில் தருவது இந்தக் கட்டளைதான் என்பது என் முடிவு. ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. இயந்திர வகையைக் குறிப்பிடாமல் கேட்டால் அது ஐ440எஃப்எக்ஸுக்கான விடையைத் தருகிறது. அன்று இரவு எந்த வகையும் சொல்லாமல் கேட்டபோது 255, கியூ35 என்று சொல்லிக் கேட்டபோது 288, கெர்னலை நேரடியாகக் கேட்டபோது 1024. ஒரே சர்வர், ஒரே நேரம், மூன்று எண்கள், மூன்றும் உண்மை. வழங்குநர் காட்டிய ‘பாஸ்’ வரிகளில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

அடுத்த பராமரிப்பு இரவில் ஹோஸ்டை டெபியன் 13க்கு உயர்த்தினோம். கெர்னல் 6.12, கியூஎமு 10.0. கியூ35 என்று கேட்டபோது விடை ஆயிரத்துக்குக் குறையவில்லை. இயந்திரத்தை எழுப்பினோம். மீண்டும் அதே 288. என் சக ஊழியரின் முகம் வாடிவிட்டது. காரணம் எக்ஸ்எம்எல் வரையறையில் இருந்தது. லிப்விர்ட், ‘கியூ35’ என்று நாம் எழுதியதை வரையறுக்கும் நாளிலேயே ‘பிசி-கியூ35-7.2’ என்று பதிப்போடு சேர்த்து உறைய வைத்துவிடுகிறது. ஹோஸ்ட் மாறினாலும் விருந்தினர் காணும் வன்பொருள் மாறக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் செய்யப்படுவது அது, எனவே 8.0 வரையிலான பதிப்புகளைக் கொண்ட பழைய வரையறைகள் புதிய கியூஎமுவிலும் 288ஐத் தாண்ட மாட்டா. அந்த ஒரு சொல்லைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். ஏற்கெனவே தரவோடு ஓடும் இயந்திரத்தில் இதைச் செய்பவர்கள், விருந்தினருக்குள் சாதனங்களின் அமைவு மாறக்கூடும் என்பதால், முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகும் இயந்திரம் எழவில்லை. இம்முறை, 255 செயலிகளுக்கு மேல் வேண்டுமானால் ஐஓஎம்எம்யு சாதனத்தில் விரிவாக்கப்பட்ட குறுக்கீட்டு முறை, அதாவது இஐஎம், இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது லிப்விர்ட். இந்த இடத்தில்தான் விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட் தன்னை அறியாமலேயே ஒருவரைத் திசைமாற்றக்கூடும். அதன் வெளியீட்டில் ஐஓஎம்எம்யு பற்றி இரண்டு வரிகள் உள்ளன. இரண்டும் எங்களுக்குப் ‘பாஸ்’. “அதான் ஐஓஎம்எம்யு இருக்கே அண்ணே” என்றார் அவர். அந்த வரிகள் பேசுவது ஹோஸ்டின் உண்மையான ஐஓஎம்எம்யு பற்றி. வலையட்டை, ஜிபியு போன்ற சாதனங்களை மெய்நிகர் இயந்திரத்திடம் நேரடியாக ஒப்படைப்பதற்கு அது வேண்டும். பெரிய மெய்நிகர் இயந்திரத்துக்கு வேண்டியது, விருந்தினருக்குள் கியூஎமு உருவாக்கிக் காட்டும் போலி ஐஓஎம்எம்யு. பெயர் ஒன்று, ஆள் வேறு. ஏஎம்டி ஹோஸ்டாக இருந்தாலும் இதற்கு இன்டெல் மாதிரி ஐஓஎம்எம்யுவை எழுதலாம் என்பது முதன்முறை பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

ஏன் அது தேவைப்படுகிறது என்பதை அறிந்துகொண்டால் இந்தச் சோதனைகள் அனைத்தும் கோவையாகிவிடும். எக்ஸ்86 கணினியில் ஒவ்வொரு செயலிக்கும் ஏபிக் அடையாள எண் ஒன்று உண்டு. குறுக்கீடுகள், அதாவது செயலியின் கவனத்தைக் கோரும் சைகைகள், அந்த எண்ணை முகவரியாகக் கொண்டுதான் செல்கின்றன. பழைய முறையில் அந்த எண்ணுக்கு எட்டு பிட் மட்டுமே. அதிலும் கடைசி எண்ணான 255 எல்லாச் செயலிகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பதற்கு ஒதுக்கப்பட்டது. எக்ஸ்2ஏபிக் முறை வந்ததும் எண் 32 பிட் ஆனது. ஆனால் சாதனங்களிலிருந்து வரும் குறுக்கீட்டுச் செய்தியில் முகவரிக்கான இடம் எட்டு பிட்டாகவே இருந்துவிட்டது. வீட்டு எண் மூன்று இலக்கமாகிவிட்ட புளோக்கில் தபால் பெட்டியின் மேல் இரண்டு இலக்கம் எழுத மட்டுமே இடமிருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். அந்தச் செய்தியை நடுவில் வாங்கி, அட்டவணையைப் பார்த்து, முழு முகவரியோடு அனுப்பி வைக்கும் வேலையை ஐஓஎம்எம்யுவின் குறுக்கீட்டு மறுவரைவு செய்கிறது.

ஏபிக் எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று இடைவெளியின்றிச் செல்வதில்லை என்பதும் முக்கியம். சாக்கெட் (செயலிச் சில்லு பொருந்தும் இடம்), கோர், த்ரெட் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சில பிட்கள் ஒதுக்கப்படுகின்றன. எண்ணிக்கை இரண்டின் அடுக்காக இல்லாவிட்டால் நடுவே எண்கள் வீணாகும். சாக்கெட்டுக்கு 96 கோர் என்றால் கோருக்கு ஏழு பிட், த்ரெட்டுக்கு ஒரு பிட். ஆக ஒரு சாக்கெட்டுக்கு 256 எண்கள் ஒதுங்கிவிடுகின்றன. முதல் சாக்கெட் 0 முதல் 191 வரை; இரண்டாவது 256இல் தொடங்கி 447 வரை. மொத்தம் 384 செயலிகள்தான், ஆனால் கடைசி எண் 447. இதனால்தான் கெர்னல், செயலிகளின் உச்சத்தையும் அடையாள எண்ணின் உச்சத்தையும் தனித்தனியாகச் சொல்கிறது. 255க்குக் கீழே இருப்பவர்களும் இதில் சிக்கலாம். மூன்று சாக்கெட், சாக்கெட்டுக்கு 65 கோர் என்று ஒருவர் எழுதினால் செயலிகள் 195 மட்டுமே. ஆனால் மூன்றாவது சாக்கெட்டின் எண்கள் 256இல் தொடங்கி 320 வரை செல்லும். அதே 195ஐ ஒரே சாக்கெட்டில் எழுதியிருந்தால் 194இல் முடிந்திருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து, 255ஐத் தாண்டவில்லையே என்று இருந்துவிடக் கூடாது.

குறுக்கீட்டு மறுவரைவை இயக்கும்போது, சாதனங்களின் குறுக்கீடுகளைச் செயலிகளுக்கு அனுப்பும் ஐஓஏபிக்கின் பொறுப்பைக் கெர்னலிடமிருந்து கியூஎமுவுக்கு மாற்ற வேண்டும். எக்ஸ்எம்எல்லில் ஒரு வரி. மறந்தால் லிப்விர்ட்டே தெளிவாகச் சொல்லிவிடும். செக்யூர் பூட் கொண்ட ஃபர்ம்வேரோடு ஓட்டுபவர்கள் டிசெக் என்ற நினைவக ஒதுக்கீட்டையும் கூட்ட வேண்டியிருக்கலாம். விருந்தினரின் கெர்னலும் அத்தனை செயலிகளுக்கு இடம் வைத்துத் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். இன்றைய பெரிய விநியோகங்களில் அது சிக்கலாவதில்லை.

இறுதியில் நாங்கள் 384ஐக் கேட்கவில்லை. ஹோஸ்டின் எல்லாத் த்ரெட்களையும் விருந்தினருக்கே கொடுத்துவிட்டால், வட்டு, வலை ஆகியவற்றைக் கவனிக்கும் ஹோஸ்டின் சொந்த வேலைகள் விருந்தினரின் செயலிகளை அவ்வப்போது தள்ளிவிட்டுத்தான் ஓட வேண்டியிருக்கும். அப்படித் தள்ளப்பட்ட செயலியின் கையில் ஒரு பூட்டு இருந்தால், அந்தப் பூட்டுக்காக மற்ற நூற்றுக்கணக்கானவை வெறுமனே சுழன்று காத்திருக்கும். இயந்திரம் பெரிதாக ஆக இந்தக் காத்திருப்பின் விலையும் கூடும். சாக்கெட்டுக்கு நான்கு கோர்களை ஹோஸ்டுக்கு விட்டுவிட்டு, 2 சாக்கெட், 92 கோர், 2 த்ரெட் என்று 368 செயலிகளை, ஹோஸ்டின் நூமா அமைப்புக்கு (எந்தச் செயலிக்கு எந்த நினைவகம் அருகில் என்ற அமைப்பு) ஒத்தவாறு ஒவ்வொன்றாகக் கட்டி வைத்தோம். விருந்தினருக்குள் நுழைந்து செயலிகளை எண்ணிக் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையைத் தட்டியபோது 368 என்ற எண் வந்தது. அந்த எண்ணைப் பார்க்க இரண்டு பராமரிப்பு இரவுகள் ஆகியிருந்தன.

இனி கருவியைப் பற்றிய என் தீர்ப்பு. விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட் தனக்கென்று எடுத்துக்கொண்ட வேலையைச் சிறப்பாகச் செய்கிறது. உபுன்டு பயனர்கள் தட்டும் கேவிஎம்-ஓகே கட்டளையைவிடப் பல மடங்கு பயனுள்ளது, ஏனெனில் பின்னது கேவிஎம் முடுக்கம் கிடைக்குமா என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறது. புதிய ஹோஸ்ட் ஒவ்வொன்றிலும் முதல் நிமிடத்தில் இதை ஓட்டுமாறு இன்னமும் சொல்வேன். ஆனால் 64 செயலிகளுக்கு மேல் போகும் எவரும் இதன் ‘பாஸ்’ஸை அளவுச் சான்றாக ஏற்கக் கூடாது, பிறருக்கு அப்படிக் கொடுக்கவும் கூடாது. கெர்னலிடம் கேட்ட உச்ச எண்ணை ஒரே ஒரு வரியாக இந்தக் கருவியே அச்சிட்டால் பெரும் குழப்பம் தீரும். லிப்விர்ட்டின் மற்றொரு பகுதி அந்த எண்ணை ஏற்கெனவே கெர்னலிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்பதால் அது பெரிய வேலையாக இருக்காது என்று எண்ணுகிறேன். வழங்குநர் மீது எனக்குக் கோபம் இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, நாங்கள் கேட்டதற்குப் பதில் தராத ஒரு கருவியின் விடையை அனுப்பினார்கள். வாங்கிக்கொண்ட நானும் அதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது சர்வரை எடுத்தபோது, விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட் வெளியீட்டோடு மூன்று எண்களையும் எழுதித் தருமாறு வேறொரு வழங்குநரிடம் கேட்டோம்: கெர்னல் சொல்லும் உச்சம், கியூ35 என்று குறிப்பிட்டுக் கேட்ட டோம்கேப்பபிலிட்டீஸ் உச்சம், நாங்கள் அனுப்பிய சாக்கெட்-கோர்-த்ரெட் அமைப்பில் வரும் கடைசி ஏபிக் எண். அவர்களின் பொறியாளர் மறுநாள் காலையிலேயே அனுப்பிவிட்டார். இரண்டாவது எண் 288 என்றிருந்தது. கையெழுத்திடுவதற்கு முன்பே ஹோஸ்டை மாற்றித் தந்தார்கள்.